நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு

வலப்பக்கம் ஒரு சுள்ளி ஒடிகிறது. தலை உடனே அந்தப் பக்கம் திரும்புகிறது. இந்தச் சிறு அசைவுக்குப் பின்னால் நடக்கும் கணக்கை எண்களாக எழுதிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் வருகிறது. வலக் காதைத் தொட்ட பிறகு, தலையைச் சுற்றிக்கொண்டு இடக் காதை அடைய அதற்குக் கூடுதலாக ஆகும் நேரம், ஒலி நேர் பக்கவாட்டிலிருந்து வந்தாலும்கூட, சுமார் 700 மைக்ரோநொடிதான். மைக்ரோநொடி என்பது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒலி எழும் இடம் மூக்குக்கு நேராக நெருங்க நெருங்க இந்த வித்தியாசமும் சுருங்கிக்கொண்டே போகும். அப்படியும் மனிதக் காதுகள் சுமார் 10 மைக்ரோநொடி வித்தியாசத்தைப் பிரித்தறிகின்றன என்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை உறுதியான செய்தி. அதாவது, நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கைப் போடுவது நரம்பணுக்கள். ஒரு நரம்பணுவின் மின்துடிப்பு எழுந்து அடங்கவே ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகிறது. அளக்க வேண்டிய பொருளைவிட அளக்கும் கருவி நூறு மடங்கு பருமனாக இருக்கிறது. எப்படி நடக்கிறது இது?

நரம்பின் மெத்தனம் நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்று. 1850இல், பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில், ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைக் கால் நரம்பில் குறிப்பு பயணிக்கும் வேகத்தை அளந்தார். அதை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் யோகானஸ் முல்லர் கருதியிருந்தார். கிடைத்த விடை நொடிக்குச் சுமார் 27 மீட்டர். காற்றில் ஒலி செல்லும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எண்ணம் கணத்தில் பறப்பது என்று நம்பியிருந்த காலத்துக்கு அது பெரிய அதிர்ச்சி. இன்றும் மூளையைக் கணினியோடு ஒப்பிடுபவர்கள் இந்த மெத்தனத்தை ஒரு குறையாகவே குறிப்பிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூளை இந்தத் தாமதத்தைச் சகித்துக்கொண்டு வாழவில்லை. அதை வைத்தே கணக்குப் போடுகிறது. இதற்கு மிகத் தெளிவான சான்று காதுகளிடம் இருக்கிறது.

ஒலியின் திசையை அறிய இரண்டு வழிகள் உண்டு என்று 1907இல் ராலே பிரபு எழுதினார். கீச்சென்ற உயர் சுருதி ஒலிகளைத் தலை மறைத்துவிடுவதால், மறுபக்கக் காதுக்கு அவை மங்கலாகவே போய்ச் சேரும். அந்தச் சத்த வித்தியாசமே திசையைச் சொல்லிவிடும். தாழ்ந்த சுருதி ஒலிகள் தலையை வளைத்துக்கொண்டு செல்வதால் இரு காதிலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே மிஞ்சுவது நேர வித்தியாசம் மட்டும். ஆனால் அந்த வித்தியாசத்தை நரம்பு எப்படிப் படிக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின.

1948இல் லாயிட் ஜெஃப்ரஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சிறிய கட்டுரையில் ஒரு வழியை முன்வைத்தார். அதற்குச் சோதனைச் சான்று எதுவும் இல்லை. தாளில் வரைந்த ஒரு படம் மட்டுமே. வரிசையாக நிற்கும் நரம்பணுக்கள். ஒரு முனையிலிருந்து இடக் காதின் நரம்பிழை அவற்றைத் தொட்டுக்கொண்டே வருகிறது. எதிர்முனையிலிருந்து வலக் காதின் நரம்பிழை. இரண்டு பக்கத் துடிப்புகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் மட்டுமே அந்த நரம்பணு துடிக்கும். ஒரு தெருவின் இரண்டு முனைகளிலிருந்து இரண்டு பேர் ஒரே வேகத்தில் நடந்து வருகிறார்கள் என்று வையுங்கள். எந்த வீட்டு வாசலில் சந்திக்கிறார்கள் என்று பார்த்தாலே யார் எவ்வளவு முன்னதாகப் புறப்பட்டார் என்று சொல்லிவிடலாம், கடிகாரம் தேவையில்லை. ஜெஃப்ரஸின் படத்திலும் கடிகாரம் இல்லை. நேரத்தை இடமாக மாற்றிவிடுகிறார் அவர். எந்த நரம்பணு துடிக்கிறதோ அதுவே ஒலியின் திசை. இந்த மாற்றத்தைச் செய்வது நரம்பிழையின் நீளமும், அதில் துடிப்பு மெதுவாக ஊர்வதும்தான். நரம்பில் குறிப்பு மின்கம்பியில் போல விரைந்து ஓடினால் இந்த ஏற்பாடு சில மில்லிமீட்டர் இடத்துக்குள் வேலை செய்யாது.

படம் அழகானது. உயிருள்ள மூளையில் அப்படி ஒன்று இருக்கிறதா என்பதைக் காட்டியது கூகை. நம் ஊர்களில் கோபுர இடுக்குகளிலும் பழைய கிணற்றுப் பொந்துகளிலும் அடையும், இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட கூகையின் நெருங்கிய உறவினம்தான் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் வளர்ந்தது. பின்னாளில் திமிங்கிலங்களின் பாடலை உலகறியச் செய்த ராஜர் பெய்ன், 1950களின் பிற்பகுதியில், ஒளி துளியும் இல்லாத அறையில் கூகை எலியைப் பிடிப்பதைச் சோதித்தார். எலிக்குப் பதிலாக, எலியளவு கசக்கிய காகிதத்தை நூலில் கட்டிச் சருகுகளின் மேல் இழுத்தபோதும் பறவை அதன் மேல் பாய்ந்தது. காகிதத்துக்கு எலி மணம் இல்லை, உடல் வெப்பம் இல்லை. சருகின் சரசரப்பு ஒன்றே அதற்கு வழிகாட்டி. அதன் குறி சுமார் ஒரு பாகைக்கு மேல் தவறவில்லை.

கியோட்டோவில் பிறந்து கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய மசகாசு கோனிஷி இந்தப் பறவையைத் தன் வாழ்நாள் ஆய்வுப் பொருளாக ஆக்கிக்கொண்டார். 1978இல் அவரும் எரிக் நட்சனும் கூகையின் நடுமூளையில் ஒரு வரைபடத்தைக் கண்டார்கள்: ஒவ்வொரு நரம்பணுவும் வெளியின் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து வரும் ஒலிக்கு மட்டும் துடித்தது, பக்கத்து நரம்பணு பக்கத்து இடத்துக்கு. இங்கே நான் சற்று நிற்க விரும்புகிறேன். கண்ணின் விழித்திரையில் வெளியுலகம் ஏற்கெனவே படமாக விழுந்துவிடுகிறது. அந்தப் படத்தை மூளைக்குக் கடத்தினால் போதும். காதில் அப்படி ஒரு படமே கிடையாது. உட்காதின் காக்ளியா பிரித்துத் தருவது சுருதிகளை. இடத்தை அதற்குத் தெரியாது. ஆகவே கூகையின் மூளையில் கண்ட வரைபடம் முழுக்க முழுக்கக் கணக்கிட்டு வரையப்பட்டது. நரம்பியலில் ‘கணக்கு’ என்று நாம் தாராளமாகச் சொல்லும் சொல்லுக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, கூகைக்குச் சிறிய காதொலிக் கருவிகளைப் பொருத்தி இரு காதுக்கும் தனித்தனியாக ஒலி கொடுத்தார்கள். நேர வித்தியாசத்தை மாற்றினால் பறவை தலையை இட வலமாகத் திருப்பியது. சத்த வித்தியாசத்தை மாற்றினால் மேலும் கீழுமாக. கூகையின் காதுத் துளைகள் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று மேல்நோக்கியும் மற்றது கீழ்நோக்கியும் சாய்ந்திருக்கின்றன. அதனால்தான் சத்த வித்தியாசம் அதற்கு உயரத்தைச் சொல்கிறது. 1988இல் கேத்தரின் காரும் கோனிஷியும் மூளைத்தண்டில் ஜெஃப்ரஸின் படத்தையே கண்டெடுத்தார்கள். ஒரு காதின் நரம்பிழைகள் மேலிருந்தும், மறு காதின் இழைகள் கீழிருந்தும் ஒரே நரம்பணுக் கூட்டத்துக்குள் நுழைந்து, ஆழத்துக்கு ஏற்பத் தாமதத்தைக் கூட்டிக்கொண்டே சென்றன. தாளில் வரைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

இந்த இடத்தில் நரம்பணுக்களின் உடலமைப்பே மாறிவிட்டிருக்கிறது. செவி நரம்பு மூளையில் வந்து முடியும் இடத்தில், ஒரே இழை நரம்பணுவைக் கை விரித்துப் பற்றியதுபோன்ற மிகப் பெரிய சினாப்ஸ்கள், அதாவது நரம்பணு இணைப்புகள், உண்டு. 1893இல் ஹான்ஸ் ஹெல்டு என்ற ஜெர்மானியர் இவற்றை வரைந்து காட்டினார். பெரிய சினாப்ஸ் என்றால் தயக்கம் இல்லை: வந்த துடிப்பு காலந்தவறாமல் மறுபக்கம் கடந்துவிடும். அந்த நரம்பணுக்களின் சவ்வில் நிறைந்திருக்கும் சிறப்புப் பொட்டாசியம் வாயில்கள், முந்தைய குறிப்பின் மிச்சத்தை மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் துடைத்தெடுத்து அடுத்த குறிப்புக்கு இடம் தருகின்றன. கூகையின் செவி நரம்பு, நொடிக்குச் சுமார் 9,000 முறை அதிரும் ஒலியலையின் மேடு பள்ளங்களோடுகூடத் தன் துடிப்பை இசைவித்துக்கொள்கிறது. எந்தத் தனி இழையும் நொடிக்கு 9,000 முறை துடிப்பதில்லை. துடிக்கும்போதெல்லாம் அலையின் அதே கட்டத்தில் துடிக்கிறது, அவ்வளவே. பல இழைகள் ஒன்று சேரும்போது ஒவ்வொன்றின் சிறு பிசகும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகிறது. பருமனான கருவிகளால் நுணுக்கமான அளவு கிடைப்பதன் சூட்சுமம் இதுதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் பாடநூல்களுக்கு வசதியாக இருந்திருக்கும். பாலூட்டிகளிடம் தேடியபோது ஜெஃப்ரஸின் படம் அப்படியே கிடைக்கவில்லை. 2001இல் டேவிட் மக்கால்பைனும் உடனுழைத்தவர்களும் கினிப் பன்றிகளின் நடுமூளையை ஆராய்ந்தபோது, பல நரம்பணுக்கள் மிக அதிகமாகத் துடித்த நேர வித்தியாசம், அந்தச் சிறிய தலையில் நிகழவே முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. வரைபடம் என்றால் இது பொருளற்றது. ஆனால் துடிப்பின் அளவு மிக வேகமாக ஏறி இறங்கும் சரிவு, சரியாகத் தலையின் எல்லைக்குள் விழுந்தது. அப்படியானால் உச்சம் எங்கே என்பது அவற்றுக்கு முக்கியமில்லை; இடப்பக்கக் கூட்டமும் வலப்பக்கக் கூட்டமும் எவ்வளவு துடிக்கின்றன என்பதை ஒப்பிட்டே திசை தெரிகிறது என்று அவர்கள் வாதிட்டார்கள். அடுத்த ஆண்டு பெனடிக்ட் குரோத்தேயின் குழு ஜெர்பில் என்னும் மங்கோலியப் பாலை எலியில் இன்னொன்றைக் காட்டியது. நரம்பணுவைத் தூண்டும் குறிப்புகளோடு அதை அடக்கும் குறிப்புகளும் மிகத் துல்லியமான நேரத்தில் வந்து சேருகின்றன. எட்டிக்கொட்டையில் இருக்கும் நஞ்சான ஸ்ட்ரிக்னினைக் கொண்டு அந்த அடக்கும் குறிப்புகளைத் தடுத்ததும், நரம்பணுவின் உச்சம் இடம்பெயர்ந்து, இரு காதுக்கும் ஒரே நேரத்தில் வரும் ஒலியை நோக்கி நகர்ந்தது. அந்த நகர்வு எதனால் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் ஓயவில்லை. ஆனால் பறவைகளும் பாலூட்டிகளும் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது; செவிப்பறை உள்ள காது இரண்டு மரபிலும் தனித்தனியாகவே உருவானது. ஒரே கேள்விக்கு இயற்கை இரண்டு விடைகள் எழுதியிருக்கிறது. இரண்டிலும் கணக்கின் பொருள் நேரம்தான்.

தென்னமெரிக்க ஆறுகளில் மெல்லிய மின்புலம் உண்டாக்கி வழியறியும் ஐகன்மேனியா என்ற மீன் இதையும் மிஞ்சுகிறது. பக்கத்து மீனின் மின் அலை தன்னுடையதோடு குழம்பினால் தன் அதிர்வெண்ணை நகர்த்திக்கொள்ளும். அதற்காக அது ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவான வித்தியாசத்தை உணர்கிறது என்று கேரி ரோஸும் வால்டர் ஹைலிகன்பெர்கும் 1985இல் காட்டினார்கள்.

இவ்வளவு தெளிவான சான்றுகள் இருந்தும், மூளையின் பிற பகுதிகளைப் பற்றிப் பேசும்போது நேரம் ஏன் இத்தனை நாள் பின்னுக்குத் தள்ளப்பட்டது? அதற்கு ஒரு மகத்தான கண்டுபிடிப்பே காரணம். 1926இல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் இங்வே சோட்டர்மனும் தவளைத் தசையில் எடையைத் தொங்கவிட்டு, அதன் இழுவையை உணரும் ஒற்றை நரம்பிழையின் துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். எடை கூடினால் துடிப்பின் உயரம் கூடவில்லை. நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணிக்கைதான் கூடியது. ஏட்ரியனுக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது. அன்றிலிருந்து நரம்பின் மொழியைப் படிப்பது என்றால் துடிப்புகளை எண்ணுவது என்றாயிற்று. ஒரு துடிப்பு சற்று முன்னே வந்தால் என்ன, பின்னே வந்தால் என்ன, மொத்தம் எத்தனை என்று பார்த்தால் போதும். இதில் தவறில்லை. தசையை இழுத்துப் பிடிப்பதற்கு, நெடுநேரம் நீடிக்கும் அழுத்தத்தை உணர்வதற்கு எண்ணிக்கையே ஏற்ற மொழி.

ஆனால் எண்ணுவதற்குக் காலம் வேண்டும். 1996இல் துலூஸ் நகரில் சைமன் தோர்ப்பின் குழு, முன்பின் பார்த்திராத படங்களை 20 மில்லிநொடி மட்டும் காட்டி, அதில் விலங்கு இருக்கிறதா என்று கேட்டது. மூளையின் மின்னலைகள் சுமார் 150 மில்லிநொடிக்குள் இரண்டு வகைப் படங்களுக்கும் வேறுபடத் தொடங்கிவிட்டன. விழித்திரையிலிருந்து அந்த முடிவுவரை ஏறத்தாழப் பத்து நரம்பணுப் படிகளாவது கடக்க வேண்டும். படிக்குச் சுமார் பத்து மில்லிநொடி. நொடிக்கு நூறு முறைகூடத் துடிக்காத ஒரு நரம்பணு, தன் முறை வரும்போது ஒரு துடிப்பைத்தான் அனுப்ப முடியும். அல்லது எதையும் அனுப்பாமல் விட முடியும். ஒன்றை எப்படி எண்ணுவது? எந்த நரம்பணு முதலில் துடித்தது, எது பின்னால் என்ற வரிசையே செய்தியாக இருக்கலாம் என்றார் தோர்ப். விரல் நுனியில் இதற்கு நேரடிச் சான்று கிடைத்தது. 2004இல் சுவீடனில் ரோலண்ட் யோகான்சனும் இங்வார்ஸ் பிர்ஸ்னியெக்சும் மனிதர்களின் தொடு நரம்புகளைப் பதிவு செய்து, தொட்ட பொருளின் வடிவமும் விசையின் திசையும் ஒவ்வோர் இழையின் முதல் துடிப்பு எப்போது வந்தது என்பதிலேயே அடங்கியிருக்கின்றன என்று காட்டினார்கள். கையிலிருந்து நழுவும் டம்ளரை இறுகப் பிடிக்க, துடிப்புகளை எண்ணிக்கொண்டிருக்க நேரம் ஏது?

எதிர்வாதமும் வலுவானது. பெருமூளைப் புறணியின் நரம்பணுக்கள் ஒழுங்கில்லாமல் துடிக்கின்றன. ஒரே காட்சியை இரண்டு முறை காட்டினால் இரண்டு விதமாகத் துடிக்கின்றன. 2010இல் லண்டனில் மைக்கேல் ஹாய்சரின் குழு எலியின் புறணியில் ஒரு நரம்பணுவில் ஒரே ஒரு துடிப்பைக் கூடுதலாகச் சேர்த்தால், அதனோடு இணைந்த நரம்பணுக்களில் மொத்தம் சுமார் 28 துடிப்புகள் கூடுகின்றன என்று கணக்கிட்டது. ஒரு சிறு பிசகு இவ்வளவு பெருகுமானால், ஒவ்வொரு துடிப்பின் நேரத்தையும் நம்பிக் கட்டிய ஏற்பாடு நிலைக்காது. எண்ணிக்கையை நம்புவதே பாதுகாப்பு. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜக்கரி மேனனும் டெரன்ஸ் செய்னோவ்ஸ்கியும் 1995இல் புறணி நரம்பணுக்களில் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தியபோது துடிப்புகள் முறைக்கு முறை தடுமாறின. இயற்கையில் வருவதுபோல ஏறி இறங்கும் மின்னோட்டத்தைச் செலுத்தியதும், அதே நரம்பணுக்கள் ஒரு மில்லிநொடிக்கும் குறைந்த பிசகோடு திரும்பத் திரும்ப அதே கணங்களில் துடித்தன. ஆக, நரம்பணுவிடம் துல்லியம் இருக்கிறது. அதற்கு வரும் குறிப்பில் துல்லியம் இருக்கிறதா என்பதே கேள்வி. எண்ணிக்கையா நேரமா என்று மூளை முழுவதற்கும் ஒரே விடை தேடுவது வீண் என்பது என் முடிபு. மூளைத்தண்டிலும் விரல் நுனியிலும் நேரம் ஆள்கிறது. புறணியில் எந்த வேலைக்கு எவ்வளவு நேர நுணுக்கம் என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

கற்றலில் நேரத்தின் பங்கு வேறொரு கதவைத் திறந்தது. அதன் ஒரு சாவி மறுபடியும் கூகையிடமே இருந்தது. பிறக்கும்போது கூகைக் குஞ்சின் நரம்பிழைகளின் தாமதங்கள் மைக்ரோநொடி அளவுக்கு ஒழுங்காக இருக்க வாய்ப்பில்லை. தலை வளர வளர இரு காதுக்கு இடையிலான தூரமும் மாறும். பின் எப்படி வரைபடம் துல்லியமாகிறது? 1996இல் வுல்ஃப்ரம் கெர்ஸ்ட்னரும் உடனுழைத்தவர்களும் ஒரு விதியைக் கொள்கையளவில் முன்வைத்தார்கள். நரம்பணு துடிப்பதற்குச் சற்று முன்னால் குறிப்பைக் கொண்டுவந்த சினாப்ஸ் வலுப்பெறும். துடித்து முடிந்த பிறகு வந்து சேர்ந்தது வலுவிழக்கும். காலம் தவறி வருபவை மெல்ல உதிர்ந்துபோக, ஒத்த தாமதம் உள்ள இழைகள் மட்டும் எஞ்சும்.

மறு ஆண்டே ஹென்றி மார்க்ரமும் பெர்ட் சாக்மனின் ஆய்வுக்கூடமும் எலிப் புறணியில் இதைக் கண்ணால் கண்டார்கள். அனுப்பும் நரம்பணு பெறும் நரம்பணுவுக்கு 10 மில்லிநொடி முன்னால் துடித்தால் இணைப்பு வலுத்தது. 10 மில்லிநொடி பின்னால் துடித்தால் நலிந்தது. 1998இல் குவோ-சியாங் பியும் மூ-மிங் பூவும் அந்தக் காலச் சாளரத்தின் வடிவத்தையே வரைந்து காட்டினார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் இடையில், பூச்சியத்தை ஒட்டிய சில மில்லிநொடிகளில், வலுத்தல் சட்டென்று நலிதலாக மாறுகிறது. ஒன்றுக்கொன்று காரணமாவது எது, தற்செயலாகப் பின்தொடர்வது எது என்ற வேறுபாட்டை ஒரு சினாப்ஸ் தன்னளவில் பதிவு செய்துகொள்கிறது. டொனால்டு ஹெப் 1949இல் எழுதிய கற்றல் விதியில் காலத்தின் திசை உள்ளுறைந்திருந்தது. அரை நூற்றாண்டு கழித்து அது அளவுகோலில் ஏறியது.

இந்தக் கண்டுபிடிப்பைக் கொண்டாடியவர்கள் சற்று அவசரப்பட்டார்கள் என்றும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்க மின்மீன்களின் மூளையில் இதே விதி தலைகீழாக இயங்குவதைக் கர்ட்டிஸ் பெல் 1997லேயே காட்டிவிட்டார். தன் சொந்த மின்குறிப்பை ரத்து செய்ய அந்த மீனுக்கு அதுவே தேவை. ஆய்வுக்கூடத் திரவத்தில் கால்சியம் இயற்கையைவிட அதிகம் என்பதால், உயிருள்ள மூளையின் அளவுக்கு அதைக் குறைத்தபோது பழைய விதி பெரும்பாலும் மறைந்தது. துடிப்புகள் கொத்தாகவோ அடுத்தடுத்து விரைவாகவோ வந்தபோதுதான் மீண்டும் தலைகாட்டியது. மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸில் ஜெஃப்ரி மேகியின் குழு 2017இல் கண்ட கற்றல் விதியின் சாளரமோ மில்லிநொடிகளில் அடங்கவில்லை, பல நொடிகளுக்கு நீள்கிறது. விதி ஒன்றல்ல, பல. எல்லாவற்றிலும் ‘எப்போது’ என்ற கேள்வி இருக்கிறது, அதன் அளவுகள்தான் மாறுகின்றன.

ஹிப்போகேம்பஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் ‘இட நரம்பணுக்களை’க் கண்டறிந்தவர் ஜான் ஓகீஃப், 2014இல் நோபல் பெற்றார். அவரும் மைக்கேல் ரெக்கியும் 1993இல் கவனித்தது இது. எலி நடக்கும்போது ஹிப்போகேம்பஸில் நொடிக்குச் சுமார் எட்டு முறை ஓர் அலை எழுந்து விழுகிறது. எலி அந்த இடத்துக்குள் நுழையும்போது நரம்பணு அலையின் பிற்பகுதியில் துடிக்கிறது. இடத்தைக் கடந்து செல்லச் செல்ல, ஒவ்வோர் அலையிலும் சற்று முன்னதாகத் துடிக்கிறது. எனவே துடிப்பு அலையின் எந்தக் கட்டத்தில் வந்தது என்று பார்த்தால் எலி அந்த இடத்துக்குள் எதுவரை வந்திருக்கிறது என்று தெரியும். இதனால் விளைவது மிக நுட்பமானது: எலி சில நொடிகளில் நடந்து கடக்கும் இடங்களின் வரிசை, ஒரே அலைக்குள், நூற்றுச் சொச்சம் மில்லிநொடிக்குள், அதே வரிசையில் சுருங்கி ஒலிக்கிறது. நொடிக்கணக்கான அனுபவம், சினாப்ஸின் மில்லிநொடிச் சாளரத்துக்குள் நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 2021இல் மனித மூளையிலும் இந்த நகர்வு பதிவாயிற்று.

இன்றைய செயற்கை நரம்பு வலைகளில் இந்தக் காலம் இல்லை. அவற்றின் ஒவ்வொரு முனையும் வைத்திருப்பது ஓர் எண்; ஏட்ரியன் எண்ணிய எண்ணிக்கையின் வாரிசு. அத்தகைய வலைகளுக்கு அடித்தளமிட்டதற்காக 2024இல் நோபல் பெற்ற ஜான் ஹாப்ஃபீல்டே, துடிப்பின் நேரத்தைக் கொண்டு வடிவங்களை இனங்காண முடியும் என்று 1995இல் ஒரு தனிக் கட்டுரை எழுதியவர். அந்த யோசனை இன்னும் ஓரத்தில்தான் இருக்கிறது.

இவையெல்லாம் ஆய்வுக்கூட நுணுக்கங்கள் என்று ஒதுக்கிவிட முடியாதபடி செய்வது நோய். நரம்பிழையைச் சுற்றியுள்ள மையலின் உறை துடிப்பின் வேகத்தை நிர்ணயிக்கிறது. மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்னும் நோய் அந்த உறையைத் தின்கிறது. 1972இல் லண்டனில் ஹாலிடே, மக்டொனால்டு, முஷின் மூவரும் அந்நோயில் அடிக்கடி நேரும் பார்வை நரம்பு அழற்சி கண்டவர்களைச் சோதித்தார்கள். கட்டம் போட்ட பலகையைக் காட்டினால் சுமார் 100 மில்லிநொடியில் மூளையில் எழ வேண்டிய அலை தாமதமாக எழுந்தது. பார்வை திரும்பி, எழுத்துகளைச் சரியாக வாசித்தவர்களிடமும் அந்தத் தாமதம் நீடித்தது.

பார்வையில் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். செவியில் பிசகு வந்தால் என்ன ஆகும் என்பதை 1996இல் ஆர்னால்டு ஸ்டாரும் உடனுழைத்தவர்களும் பத்து நோயாளிகளை வைத்து விவரித்தார்கள். அவர்களுக்கு ஒலி கேட்டது. பேச்சு புரியவில்லை. அவர்களின் காக்ளியாவில் ஒலியைப் பெருக்கும் அணுக்கள் நன்றாகவே இயங்கின. ஆனால் செவி நரம்பின் இழைகள் ஒன்றுபட்டுத் துடிக்காமல் ஆளுக்கொரு கணத்தில் துடித்தன. மூளைத்தண்டிலிருந்து பதிவாக வேண்டிய அலைகள் பதிவாகவே இல்லை. இந்நோய்க்குச் ‘செவிநரம்புக் கோளாறு’ என்று பெயர் வந்தது. பின்னர் ஃபான்-காங் செங் செய்த சோதனைகள் இதன் உட்பொருளை வெளிக்கொண்டுவந்தன. இவர்களால் சத்தம் கூடியதா குறைந்ததா என்று மற்றவர்களைப் போலவே சொல்ல முடிந்தது. ஒலியில் விட்ட சிறு இடைவெளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரு காதுக்கும் இடையிலான சத்த வித்தியாசத்தைக் கொண்டு திசையைச் சொன்னார்கள். நேர வித்தியாசத்தைக் கொண்டு சொல்ல முடியவில்லை. ‘பா’வையும் ‘டா’வையும் பிரிப்பது பத்துக்கணக்கான மில்லிநொடிக்குள் நிகழும் மாற்றம் என்பதால் பேச்சு அவர்களுக்குக் குழம்பிய இரைச்சல். துடிப்புகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இருக்க, அவற்றின் நேரம் மட்டும் போனால் எது மிஞ்சும், எது போகும் என்ற கேள்விக்கு இவர்களின் துயரம் விடை சொல்லிவிட்டது.

இந்நோய் பலவகைப்பட்டது. ஓட்டோஃபெர்லின் என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு வகைப் பிழை உள்ள சில குழந்தைகள், உடம்பு நன்றாக இருக்கும்போது ஏறக்குறைய இயல்பாகக் கேட்கிறார்கள். காய்ச்சல் வந்தால் செவிடாகிறார்கள். காய்ச்சல் தணிந்தால் மீண்டும் கேட்கிறது. அதே மரபணுவின் கடுமையான பிழையால் பிறவியிலேயே கேட்காத ஆறு குழந்தைகளுக்கு ஷாங்காயில் மரபணு சிகிச்சை அளித்ததில் ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கிய செய்தி 2024 ஜனவரியில் வெளியானது. காக்ளியர் இம்ப்ளான்ட்டும் பலருக்குக் கைகொடுக்கிறது. அதன் மின்துடிப்பு சிதறிய இழைகளை ஒரே கணத்தில் துடிக்கவைக்கிறது.

நம் நாட்டுப் பெற்றோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. பிறந்த சில நாட்களில் வரும் கடுமையான மஞ்சள் காமாலை இந்நோய்க்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. பிலிருபின் அளவு மிகையானால் அது செவி நரம்பையும் மூளைத்தண்டின் செவிப் பகுதிகளையும் தாக்குகிறது. குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கும் ஆபத்து உண்டு. பச்சிளங்குழந்தைகளுக்குப் பரவலாகச் செய்யப்படும் ஓ.ஏ.இ. என்னும் செவிச் சோதனை காக்ளியாவின் அணுக்களை மட்டுமே பார்க்கிறது. நரம்பின் கால ஒழுங்கு சிதைந்த குழந்தையும் அதில் தேறிவிடும். அதைக் காட்டுவது மூளைத்தண்டு அலைகளைப் பதிவு செய்யும் பெரா சோதனை. உங்கள் வீட்டுக் குழந்தைக்குக் காமாலைக்காக ரத்தம் மாற்றி ஏற்றியிருந்தாலோ, தீவிர சிகிச்சையில் ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருந்தாலோ, முதல் சோதனையில் தேறிவிட்டது என்று விட்டுவிடாமல் பெரா சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.